கல்லாய்ப் போன பெடல்

"அவன் வெளியில வரவே கூடாது," என்றார் ஆடிட்டர். வந்தவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே சொன்னார்.

நாங்களாகவே உட்கார்ந்தோம். மேடம் நாற்காலியில், நான் பழைய பேப்பர் கட்டை ஒதுக்கிவிட்டு முக்காலியில். மேடம் ரொம்ப காலம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு விபத்து சர்வேயராக இருந்தவர். நசுங்கிய வண்டிகளையும், அவற்றைப் பற்றி நசுங்காத பொய் சொல்லும் மனிதர்களையும் பார்த்துச் சலித்துப்போய், அதை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். நான் அவருடைய உதவியாளன். என்னை 'ஓட்டைவாய்' என்றுதான் கூப்பிடுவார். சம்பளம் கொடுக்கிறவர் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துத்தானே ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். ஆடிட்டரிடம் ஒரு பழைய கார் இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது. இப்போது அது தெருவில் போனால் ஆட்கள் நின்று போட்டோ எடுப்பார்களாம். போன மாதம் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மலைச்சாலையில் இறங்கியபோது, பிரேக் பிடிக்காமல் வண்டி பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் மோதியது. மோதியது மனைவி உட்கார்ந்திருந்த பக்கம். அந்த அம்மா அங்கேயே போய்விட்டார். ஆடிட்டர் நெற்றியில் தையலோடு பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் அவர் செய்த முதல் காரியம், பிரேக் வேலை பார்த்த மெக்கானிக்கின் மேல் புகார் கொடுத்தது. மெக்கானிக்கை உள்ளே தள்ளிவிட்டார்கள். நாங்கள் போனதற்கு மறுநாள் காலை கோர்ட்டில் மெக்கானிக்கின் ஜாமீன் மனு. வண்டியைச் சோதித்து, தப்பு மெக்கானிக்குடையதுதான் என்று மேடம் ஒரு அறிக்கை கொடுத்தால் மனு தள்ளுபடி. அதற்காகத்தான் எங்களை வரச் சொல்லியிருந்தார்.

"தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதுதான் நான் காலமெல்லாம் பார்த்த வேலை," என்றார் ஆடிட்டர். "எவ்வளவு பெரிய முதலாளியெல்லாம் என்னைப் பார்த்து நடுங்கியிருக்கான் தெரியுமாம்மா? கடைசியில ஒரு ஸ்பேனர் பிடிக்கறவன் என் கண்ணுல மண்ணைத் தூவிட்டான்."

"பெடல் எப்படி இருந்துச்சு? காலோட சேர்ந்து கீழே போச்சா, இல்ல இறங்கவே மாட்டேன்னுச்சா?"

"இறங்கவே இல்லை. கல்லு! மேல் வளைவுல வெண்ணெய் மாதிரி பிடிச்சுது. அடுத்த வளைவுலயும் பரவாயில்லை. பாலத்துக்கு முன்னாடி மிதிக்கறேன், அசைய மாட்டேங்குது. எழுந்து நின்னு மிதிக்காத குறை."

மேடத்தின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. நான் கவனித்தேன். ஆடிட்டர் கவனிக்கவில்லை.

"உங்க கால்ல ஏதாவது பலம் குறைச்சல்..." என்று ஆரம்பித்தேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

ஆடிட்டர் எழுந்து நின்றுவிட்டார். "எனக்கா? இங்க பாரு தம்பி." சுவரில் முழங்கால் உயரத்தில் வட்டமாக ஒரு அழுக்குத் தடம் இருந்தது. அதைக் காட்டினார். "குளியலறையில வழுக்கி விழுந்து இந்தக் கால் நரம்பு நசுங்கிப்போச்சு. இனிமே கார் ஓட்டறதை மறந்துடுங்கன்னு டாக்டர் சொன்னார். ஒரு மழைக்காலம் பூரா அந்த ஜன்னல்கிட்ட உக்காந்து காரையே பார்த்துக்கிட்டிருந்தேன். அப்புறம் ஒரு வைராக்கியம். தினம் காலையில சுவத்துல தலகாணியை வெச்சு காலால தள்ளுவேன். அவதான் தலகாணியைப் பிடிச்சுப்பா. கொஞ்ச நாள்லயே பலம் வந்துடுச்சு. பிரேக்கை லேசாத் தொட்டாப் போதும், வண்டி நிக்கும். டாக்டருக்கே நம்ப முடியலை." தொடையைத் தட்டிக் காட்டினார்.

"பிரேக் வேலை பார்த்தது எப்போ?"

"அதே சமயத்துலதான். பிரேக் கட்டை தேஞ்சுபோச்சுன்னு அவதான் வண்டியை அனுப்பினா. எனக்கு அப்போ வாசல் வரைக்கும் நடக்கவே முடியாது. அவளுக்கு அவன்மேல அவ்வளவு நம்பிக்கை. தம்பி தம்பின்னு உருகுவா. அந்தத் தம்பிதான் அவளைக் கொன்னுட்டான்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, துடைக்கவே துடைக்காதவர் மாதிரி எங்களைப் பார்த்தார்.

"கார்ல போறப்போ அம்மா ஏதாவது பேசிக்கிட்டு வருவாங்களா?" மேடம் சம்பந்தமே இல்லாமல் கேட்டார்.

"பேச்சா? நச்சரிப்பு. இறக்கம் வந்தா நான் இன்ஜினை அணைச்சு நியூட்ரல்ல விட்டுடற ஆளு. பெட்ரோல் என்ன குழாயிலயா வருது? இத்தனை வருஷம் வாயே திறக்காதவ, கொஞ்ச நாளா அணைக்கவே கூடாதுன்னு ஒரே பிடிவாதம். இன்ஜின் சத்தம் நின்னா வயித்தைக் கலக்குதாம். வயசானா இப்படியெல்லாம் பயம் வந்துடும் போல." அன்றைக்கு முதல் தடவையாக அவர் கொஞ்சம் சிரித்தார்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "மேடம், பெடல் கீழே போனா என்ன, கல்லானா என்ன? மோதினது மோதினதுதானே?"

"பிரேக் ஆயில் ஒழுகினா பெடல் பொதக்குன்னு கீழே போகும். குழாயைச் சரியா மாட்டலைன்னா ஒழுகும், அதனால மெக்கானிக் மேல சந்தேகப்படலாம். கல்லாகறது வேற வியாதி. வா."

காரை போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் ஒரு பெண் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஆடிட்டர் ஐயா வெச்ச ஆளுங்க நீங்கதானா? நான் மெக்கானிக்கோட சம்சாரம்."

மேடம் தலையாட்டினார்.

"எங்க வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டேங்கறாரும்மா. வக்கீல் கேட்டாலும் குனிஞ்சுக்கறார். தப்பு பண்ணியிருந்தா அழணும், பண்ணலைன்னா சண்டை போடணும். இவர் ரெண்டும் இல்லாம ஊமை மாதிரி உக்காந்திருக்கார். நீங்க என்ன எழுதப் போறீங்க?"

"வண்டி என்ன சொல்லுதோ அதை."

"வண்டிக்கு என்னம்மா, அது எங்க வேணா நிக்கும். அவரை நாளைக்கும் விடலைன்னா நான் எங்க போய் நிப்பேன்?"

மேடம் காரை நோக்கி வேகமாக நடந்தார். நானும் ஓடினேன்.

காரின் ஒரு பக்கம் கசக்கிப் போட்ட காகிதமாகக் கிடந்தது. மறுபக்கம் இன்னும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. அந்தப் பளபளப்பைத்தான் எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஏட்டு ஒருவர் பல் குத்திக்கொண்டே வந்தார்.

"வாகன ஆய்வாளர் ஏற்கெனவே பார்த்துட்டார். பெடல் இறுகிப்போயிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டார்."

"எப்படிப் பார்த்தார்?"

"உக்காந்தார், மிதிச்சார், இறங்கினார்."

"ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாரா?"

"சாவி உள்ள பீரோல இருந்துச்சு. அவருக்கு அவசரம்."

என்னை உள்ளே ஏறி மிதிக்கச் சொன்னார் மேடம். மிதித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். "இது பிரேக் இல்லை மேடம். ஸ்டேஷன் படிக்கட்டு."

"விபத்து நடந்த இடத்துல சாவியை யார் எடுத்தது?" என்று ஏட்டைக் கேட்டார் மேடம்.

"நான்தான். வண்டியிலயே தொங்கிக்கிட்டிருந்துச்சு. உருவி பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்."

"திருப்பி அணைச்சுட்டு உருவினீங்களா?"

ஏட்டு பல் குத்துவதை நிறுத்தினார். "இல்லையே. அணைஞ்சுதான் இருந்துச்சு. சும்மா இழுத்தேன், வந்துடுச்சு."

"உங்களுக்கு முன்னாடி யாராவது வண்டியைத் தொட்டாங்களா?"

"ஒரு பால் வேன்காரர்தான் முதல்ல பார்த்தார். ரெண்டு கதவும் சிக்கிக்கிச்சுன்னு தொடவே இல்லை. நாங்க வந்துதான் கம்பி போட்டு நெம்பினோம். ஆடிட்டர் ஸ்டீரிங் மேல சாய்ஞ்சு கிடந்தார். ஆஸ்பத்திரியிலதான் கண்ணைத் திறந்தார்."

"சரி. ஒருத்தருக்கு மயக்கம், ஒருத்தருக்கு உயிரே இல்லை. அப்போ சாவியை அணைச்சது யாரு ஏட்டையா?"

ஏட்டின் வாய் திறந்தபடி நின்றது. எனக்கும் அப்படித்தான். ஆனால் நான் காருக்குள் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

சாவி வந்தது. காரின் பேட்டரி செத்துப்போயிருந்தது. போலீஸ் ஜீப்பை ஒட்டி நிறுத்தி, அதிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார் ஏட்டு. "பெடல் மேல இருந்து காலை எடுக்காதே ஓட்டைவாய். அழுத்தினபடியே ஸ்டார்ட் பண்ணு," என்றார் மேடம்.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் இருமி, உறுமி, பிடித்துக்கொண்டது. அதே நொடியில் என் காலுக்குக் கீழே இருந்த கல், யாரோ அடியிலிருந்து இழுத்த மாதிரி மெத்தென்று இறங்கியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மேடம், இறங்குது! தானா இறங்குது!"

"இறங்கணும். அதுக்கு ஒரு வியாதியும் இல்லை. இதுல பவர் பிரேக் இருக்கு."

"இந்தக் கிழட்டு வண்டியிலயா? இது பிறந்தப்போ பவர் பிரேக்கே பிறக்கலையே?"

"அதான் கேள்வி. பின்னால யாரோ மாட்டியிருக்காங்க." மேடம் ஏட்டுக்கும் சேர்த்து விளக்கினார். இன்ஜின் ஓடும்போது காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சும் பலத்தை ஒரு டப்பாவில் பிடித்து வைத்து, காலோடு சேர்ந்து பிரேக்கை அழுத்த விடுவதுதான் பவர் பிரேக். இன்ஜின் நின்றால் டப்பாவில் மிச்சமிருக்கும் பலம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு எல்லாப் பாரமும் காலின் தலையில்.

"மேல் வளைவுல வெண்ணெய், அடுத்ததுல பரவாயில்லை, பாலத்துல கல்லு," என்று எண்ணிச் சொன்னேன்.

பானட்டைத் திறந்தால் டப்பா எதுவும் கண்ணில் படவில்லை. வாங்கிய நாளில் இருந்த மாதிரியே எல்லாம் இருந்தது. மேடம் விரலை விட்டுத் துழாவினார். இன்ஜினிலிருந்து கிளம்பிய ஒரு ரப்பர் குழாய், பேட்டரிக்குப் பின்னால் பதுங்கி, டிரைவர் பக்கத்து மட்கார்டுக்குள் நுழைந்தது. அழுக்கு வேலை என்றால் என் பங்கு. சக்கரத்துக்குப் பின்னால் தலையைக் கொடுத்தேன். உள்ளே ஒரு டப்பா. அதன் மேல் தார் பூசி, தாரின் மேல் மண்ணை அப்பியிருந்தார்கள். அது வண்டியோடு பிறந்த அழுக்கு என்று நான் சத்தியமே செய்திருப்பேன்.

"குழாய் எப்படி மாட்டியிருக்கு?"

"ரெண்டு ரெண்டு கிளிப் போட்டு முறுக்கியிருக்கு மேடம். உரசாம இருக்க துணி வேற சுத்தியிருக்கு."

"கொல்ல நினைக்கறவன் ரெண்டு கிளிப் போட மாட்டான்," என்றார் மேடம். "ஒளிச்சு வெச்சிருக்கான், ஆனா அக்கறையா ஒளிச்சு வெச்சிருக்கான். யாருக்குத் தெரியக் கூடாதுன்னு?"

அதைக் கேட்கத்தான் சிறைக்குப் போனோம்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் வந்து நின்றார். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் போகவில்லை.

"நான் ஆடிட்டர் வெச்ச ஆள்," என்றார் மேடம். "கேள்வி கேக்க வரலை. மட்கார்டுக்குள்ள பார்த்துட்டேன்."

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. திருட்டில் மாட்டியவனின் முகம் இல்லை அது. பொத்திப் பொத்தி வைத்திருந்ததைக் கைதவறிப் போட்டு உடைத்தவனின் முகம்.

"ஐயாகிட்ட சொல்லிட்டீங்களா?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இன்னும் இல்லை."

வலையைப் பிடித்துக்கொண்டார். தானாகவே பேசினார். "அக்கா ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தாங்க. அவருக்குக் கால் தேறாது தம்பி, டாக்டர் என்கிட்ட தனியாச் சொல்லிட்டார்னாங்க. ஆனா ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்கார், சரியா சாப்பிட மாட்டேங்கறார், கார் ஓட்டலைன்னா இந்த மனுஷன் செத்துடுவார்னு அழுதாங்க. லேசா மிதிச்சா நிக்கற மாதிரி ஏதாவது பண்ணு, ஆனா அவருக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா ஊனமுற்றவன் வண்டின்னு சொல்லித் தொடவே மாட்டார்னாங்க. அதுக்கப்புறம்தான் அந்தத் தலகாணிப் பயிற்சியை ஆரம்பிச்சு வெச்சாங்க. அதனாலதான் பலம் வந்துச்சுன்னு அவர் நம்பணுமே."

"இன்ஜினை அணைச்சா கல்லாகும்னு சொன்னியா?"

"சொன்னேன் மேடம். ஐயா இறக்கத்துல அணைக்கற பழக்கம் உள்ளவர், அவர்கிட்ட சொல்லியே ஆகணும்னு சொன்னேன். நான்தான் எப்பவும் பக்கத்துல உக்காந்திருக்கேனே, அணைக்க விட மாட்டேன்னாங்க. அப்படித்தான் பார்த்துக்கிட்டாங்க, இத்தனை நாளும்."

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா நீங்க வீட்டுல இருந்திருப்பீங்களே!" என்றேன். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இருந்திருப்பேன். அவருக்கு அதுக்கப்புறம் ஒரு வாய் சோறு இறங்குமா சார்? பொண்டாட்டி இவருக்காகச் செஞ்ச காரியத்தை இவர் கையாலயே எமனாக்கிட்டார்னு நான் எப்படிச் சொல்றது? அதோட தப்பு எம்மேலயும் இருக்கு. ஓட்டறவருக்குத் தெரியாம பிரேக்கை மாத்தலாமா?"

"கூடாது. தப்புதான்," என்றார் மேடம். "ஆனா அது கொலை இல்லை. ஸ்டேஷன் பெஞ்சுல உன் சம்சாரம் உக்காந்திருக்கா. அவ பண்ணின தப்பு என்ன?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு இன்னும் ஒரு விஷயம் சொன்னார். அதன்பிறகு, "வேற எப்படியாவது எழுதுங்க மேடம்," என்று கெஞ்சினார்.

வேறு எப்படி எழுதுவது? வெளியே மரத்தடியில் நின்று நானும் யோசித்துப் பார்த்தேன். "பிரேக் நல்லா இருக்குன்னு மட்டும் எழுதிட்டா?"

"நல்லா இருந்த பிரேக் ஏன் பிடிக்கலைன்னு நீதிபதி கேப்பார்."

"அப்போ மூஞ்சிக்கு நேராச் சொல்லிடுவோம் மேடம். பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் போய்ப் பெண்டாட்டியைக் கொன்னுட்டு, பழியைத் தூக்கி அடுத்தவன் தலையில கட்டியிருக்கார் கஞ்சன். வைராக்கியமாம் வைராக்கியம். நானே சொல்றேன், எனக்கு விடுங்க."

"சந்தோஷமா இருக்கியா?"

"கோபமா இருக்கேன்."

"உனக்கு ரெண்டுக்கும் ஒரே முகமா இருக்கு," என்று சொல்லிவிட்டு ஆடிட்டருக்கு ஃபோன் போட்டார் மேடம். கடைசியாக ஒரு சோதனை பாக்கி, அதற்கு உங்கள் கால் வேண்டும் என்றார்.

வெயில் தாழ்ந்ததும் ஆடிட்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். காருக்குள் ஏறி ஸ்டீரிங்கின் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கைப் பக்கம் பார்வையே போகாமல் கவனமாக இருந்தார். நான் ஜீப்பின் ஒயரைப் பிடித்துக்கொண்டு, நாக்கைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அன்னிக்கு இறக்கத்துல சாவியை அணைச்சது நீங்கதானே?" மேடம் சாதாரணமாகக் கேட்டார்.

"ஆமா. மேல் வளைவுக்கு முன்னாடியே. அதுக்கென்ன?" அவருக்கு அதில் ஒளிக்க எதுவுமே இருக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

"அணைச்சா அம்மா சண்டை போடுவாங்கன்னு சொன்னீங்களே?"

"அன்னிக்குப் போடலை. தூங்கிட்டா." ஆடிட்டர் கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டு பேசினார். "முதல் நாள் ராத்திரி பூரா தங்கச்சி வீட்டுல அவளோட உக்காந்து பேசிக்கிட்டே இருந்தா. வண்டியில ஏறினதுமே தலை சாய்ஞ்சுடுச்சு. இந்த வண்டி போடற சத்தத்துல எப்படித்தான் தூங்கறாளோன்னு பார்த்தேன். எனக்கு உடம்பு முடியாமப் போனதுலேர்ந்து அவ சரியாத் தூங்கினதே இல்லைம்மா. கொஞ்ச நேரம் நிம்மதியாத் தூங்கட்டும்னுதான் அணைச்சேன். பெட்ரோலுக்காக இல்லை. அவ முழிச்சுக்கக் கூடாதுன்னு அணைச்சேன்."

நான் தயார் செய்து வைத்திருந்த வசனமெல்லாம் வீணாய்ப் போனது. கோபப்பட ஒரு ஆள் கிடைத்தான் என்று இவ்வளவு நேரமும் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். அந்த ஆளும் இப்போது இல்லை. மேடத்தைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். இதைச் சொல்லாமல் இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நொடி அவரும் நினைத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"பெடலை மிதிங்க," என்றார்.

மிதித்தார். "கல்லு. பார்த்தீங்களா, கல்லு!"

"காலை எடுக்காம சாவியைத் திருப்புங்க."

திருப்பினார். இன்ஜின் உயிர் பெற்றது. பெடல் அவர் காலோடு மெதுவாக இறங்கியதை வெளியில் நின்ற நானே பார்த்தேன். அவர் முகத்திலும் ஏதோ இறங்கியது. மேடம் குனிந்து, டப்பா எங்கே இருக்கிறது, அது என்ன செய்யும், எப்போது செய்யாது, அதை மாட்டச் சொன்னது யார் என்று சுருக்கமாகச் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

ஆடிட்டர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

"அப்போ எனக்குப் பலம் வரவே இல்லை," என்றார்.

செத்துப்போன மனைவியை விட்டுவிட்டு முதலில் அவருக்குக் கால்தான் ஞாபகம் வந்தது. அதற்காக அவரை நான் திட்டத் தயாராக இல்லை. என் வீட்டில் இடி விழுந்தாலும் நான் முதலில் செருப்பைத்தான் தேடுவேன்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்காங்க," என்றார் அடுத்து. "நான் பாட்டுக்கு வரவங்க போறவங்ககிட்டயெல்லாம் தொடையைத் தட்டிக் காமிச்சுக்கிட்டிருந்தேன்."

சிறையில் மெக்கானிக் கடைசியாகக் கூப்பிட்டுச் சொன்னதை மேடம் இப்போது சொன்னார். "சிரிக்கலை. வேலை முடிஞ்சு முதல் நாள் நீங்களே ஓட்டிக்கிட்டு, அம்மாவோட ஷெட்டு வரைக்கும் வந்து இறங்கினீங்களாமே. இறங்கி, காலைத் தட்டி, பாத்தியாடீன்னு அவங்ககிட்டக் காமிச்சீங்களாம். அவங்க ஷெட்டுக்குப் பின்னால போய் நின்னு அழுதிருக்காங்க. மெக்கானிக் என்னக்கான்னு கேட்டதுக்கு, அவர் இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமான்னாங்களாம்."

ஆடிட்டர் அப்போதுதான் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடித் தூள் இன்னும் அதில் கிடந்தது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி," என்றார் அதைப் பார்த்து. "பயமா இருக்கு, அணைக்காதீங்கன்னியே. என்ன பயம்னு நான் ஒரு தடவையாவது கேட்டேனா?" பிறகு ஸ்டீரிங்கின் மேல் தலையை வைத்து அழ ஆரம்பித்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க எங்கள் இரண்டு பேருக்கும் கை வரவில்லை. கடைசியில் அவரே அணைத்தார்.

வாக்குமூலம் கொடுக்க அவரை யாரும் அழைத்துப் போகவில்லை. தானாகவே இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து ஸ்டேஷனுக்குள் நடந்தார். காலையில் நிமிர்ந்து நின்ற அதே கால்தான். வாசல் பெஞ்சிலிருந்து மெக்கானிக்கின் மனைவி எழுந்து நின்றார். அவரைத் தாண்டும்போது ஆடிட்டர் நின்று ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஏட்டு காகிதத்தை எடுத்து வைத்தார். ஆடிட்டர் கணக்கு ஒப்பிக்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனார். பிரேக்கில் கோளாறு இல்லை. மெக்கானிக் மேல் குற்றம் இல்லை. ஓடும் வண்டியில் இன்ஜினை அணைத்தது நான்.

"நல்லா யோசிச்சுக்குங்க சார்," என்றார் ஏட்டு. "இதை நாளைக்குக் கோர்ட்டுல குடுத்தா மெக்கானிக் வெளியில வந்துடுவார். ஆனா கேஸ் அப்படியே உங்க பக்கம் திரும்பும்."

"திரும்பட்டும்."

"சரி. எதுக்காக அணைச்சீங்க? காரணம் எழுதணும்."

ஆடிட்டர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பெட்ரோல் மிச்சம் பிடிக்க."

"இல்லை ஏட்டையா, அந்த அம்மா தூ..." என்று நான் ஆரம்பித்தேன். ஆடிட்டர் என் கையைப் பிடித்தார். காலில் இல்லாத பலமெல்லாம் அந்தப் பிடியில் இருந்தது.

"அவ தூங்கினது அதுல வர வேண்டாம் தம்பி," என்றார் மெதுவாக. "தூங்கினதாலதான் செத்தான்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது. அவ இத்தனை நாள் தூங்காம எனக்குக் காவல் இருந்தவ."

ஏட்டுக்கு அது காதில் விழவில்லை. எழுதி முடித்து, நிமிர்ந்து, வெறுப்போடு அவரைப் பார்த்தார். "ஒரு சொட்டு பெட்ரோலுக்காகப் பொண்டாட்டியைக் காவு குடுத்திருக்கீங்களே சார்!"

"ஆமா," என்றார் ஆடிட்டர். "அதையும் எழுதுங்க." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.